தெருவுக்கு வந்த கதிரொளி

மாலை மங்கியதும் தெருவிளக்கு எரிகிறது. அதன் ஒளி எங்கிருந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எரியாத நாளில்தான் அண்ணாந்து பார்க்கிறோம். ஆயினும் விளக்குகளின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் ஓர் உண்மை புலப்படும். புதிய ஆற்றலைச் சாதாரண மனிதர் பலமுறை முதன்முதலில் கண்டது தம் வீட்டில் அன்று, தெருவில்தான்.

1807-ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் வின்சர் என்னும் ஜெர்மானியர் இலண்டன் மாநகரின் பால்மால் வீதியில் நிலக்கரி வாயு விளக்குகளை ஏற்றிக் காட்டினார். வழிப்போக்கருக்கு ஒளி தருவது மட்டும் அவர் நோக்கமன்று. வாயு நிறுவனம் ஒன்றைத் தொடங்க அவருக்குப் பங்குதாரர் தேவைப்பட்டனர், வீதியையே விளம்பரமாக்கினார். 1812-இல் அரச சாசனம் பெற்று அந்நிறுவனம் பிறந்தது. 1878-இல் பாரிஸ் நகரின் ஒப்பேரா வீதியில் யாப்லோச்கோவ் என்ற ரஷ்யரின் மின்விளக்குகள் எரிந்தன. கண்ணைக் கூசவைக்கும் அவ்வொளியை வீட்டுக்குள் வைத்திருக்க இயலாது. தெருவோ அதை ஏற்றுக்கொண்டது.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. நம் காவிரி தமிழ் மண்ணை அடையுமுன் சிவனசமுத்திரத்தில் அருவியாய் விழுகிறது. அங்கே எடுக்கப்பட்ட மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 90 மைல் கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. பெங்களூரு நகரச் சந்தைப் பகுதியில் மின்விளக்குகள் எரிந்தது 1905 ஆகஸ்டு 5 அன்று. முதலில் தங்கத்துக்கு, மூன்றாண்டுகள் கழித்தே மனிதருக்கு!

சூரிய மின்சாரமும் இதே வழியில்தான் வந்தது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கான் மின்கலத்தை உருவாக்கினர். தன்மேல் விழும் கதிரொளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கியது. 1958-இல் அத்தகைய கலங்கள் வான்கார்டு-1 செயற்கைக்கோளில் ஏறி விண்ணுக்குச் சென்றன. மண்ணில் வாழ்ந்தோருக்கோ அவற்றின் விலை எட்டவில்லை. 1970-களின் தொடக்கத்தில் எலியட் பெர்மன் என்ற அறிவியலாளர் வாட் ஒன்றுக்கு 100 டாலராக இருந்த விலையை 20 டாலர் அளவுக்கு இறக்கினார். அப்போது வாங்க முன்வந்தவர்கள் யார்? கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் நிறுவனத்தார். தம் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்குச் சூரியத் தகடுகளைப் பொருத்தினர். எண்ணெய்க்கு மாற்றாகப் போற்றப்படும் கதிரொளியை எண்ணெய்க் கிணறே வளர்த்தது என்பது வரலாற்றின் குறும்பு.

நம் நாட்டில் மரபுசாரா எரிசக்திக்கு 1982-இல் தனித்துறையும் 1992-இல் தனி அமைச்சகமும் தோன்றின. அரசுத் திட்டங்கள் வழியாகச் சூரியத் தெருவிளக்குகள் ஊர்களுக்கு வந்தன. 74 வாட் தகடு, 75 ஆம்பியர்-மணி பேட்டரி, 11 வாட் குறுங்குழல் விளக்கு என்பது பலகாலம் வழங்கிய அளவு. தகடு பகலெல்லாம் பேட்டரியை நிரப்பும். பொழுது சாய்ந்து தகட்டின் மின்னழுத்தம் குறைந்ததும் கட்டுப்பாட்டுக் கருவி இருளை அறிந்து விளக்கைத் தானே ஏற்றும். விடியலில் தானே அணைக்கும்.

எளிமையும் அழகும் கூடிய ஏற்பாடு. ஆனால் அந்தக் கம்பங்களில் எத்தனை நிலைத்தன? ஈய அமிலப் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். சில ஆண்டுகளில் பேட்டரியையே மாற்ற வேண்டும். தகட்டில் படியும் தூசியைத் துடைக்க வேண்டும். கம்பம் நடப் பணம் ஒதுக்கியவர்கள் இவற்றுக்கு ஒதுக்க மறந்தனர். சில ஊர்களில் பேட்டரியே களவு போயிற்று. அணைந்த கம்பமும் ஊருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொண்டே நின்றது: சூரிய விளக்கு என்றால் இவ்வளவுதான் என்று. வின்சரின் வீதி நம்பிக்கையை வளர்த்தது. நம் வீதிகள் பல அவநம்பிக்கையை வளர்த்தன. விளக்கே வராத ஊரைவிட, வந்த விளக்கு அணைந்துபோன ஊரில் சூரிய ஆற்றலைப் பற்றிப் பேசுவது கடினம்.

இது தவிர்க்கக்கூடிய தோல்வியே என்பதற்கு ஆப்பிரிக்காவில் சான்று உண்டு. 1970-களின் கடும் வறட்சியில் மாலி நாட்டில் பணியாற்றிய மறைபணியாளர் அருள்தந்தை பெர்னார் வெர்ஸ்பிரென், 'மாலி அக்வா விவா' என்ற அமைப்பின் வழியாகக் கிணறுகள் தோண்டினார். 1977 முதல் சூரிய ஒளியால் இயங்கும் நீரேற்றிகளை அமைத்தார். அவர் தகடுகளை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடவில்லை. பழுதுபார்க்க ஆட்களைப் பயிற்றுவித்தார்; ஊராரும் செலவில் பங்கேற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வறியவரிடம் காசு கேட்பதா என நமக்குத் தோன்றலாம். தம் காசு கலந்த பொருளை மக்கள் காத்துக்கொள்வர் என்பதை அந்தத் துறவி நன்கறிந்திருந்தார்.

பின்னாளில் தொழில்நுட்பமே நமக்குக் கைகொடுத்தது. 1990-களில் நீல ஒளி உமிழும் எல்.இ.டி. உருவானதால் வெள்ளொளி எல்.இ.டி. விளக்கும் வந்தது. 2016-இல் நடுவணரசு தொடங்கிய அடல் ஜோதித் திட்டத்தின் சூரியத் தெருவிளக்குகளுக்கு 7 வாட் போதுமானதாயிற்று. விளக்குக்கு மின்சாரம் குறையக் குறையத் தகடும் பேட்டரியும் சிறுத்தன. தமிழ்நாடும் 2012-ஆம் ஆண்டின் சூரிய ஆற்றல் கொள்கையில் தெருவிளக்குகளுக்கு இடம் தந்தது.

மின்கம்பி ஓடும் மாநகரில் கம்பத்துக்கொரு பேட்டரி வைப்பது சிக்கனமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. மாநகராட்சிக் கட்டடத்தின் கூரையில் தகடுகளை விரித்து மின்சாரத்தைப் பொதுக் கம்பியில் சேர்த்தால் செலவும் பராமரிப்பும் குறையும். ஆனால் கூரையின்மேல் உள்ளதை யார் காண்பார்? கம்பத்தின் உச்சியில் உள்ள தகட்டைக் காய்கறி விற்கும் அம்மாவும் பள்ளிச் சிறுவனும் நாள்தோறும் காண்கின்றனர். எனவே கூரையோடு சில கம்பங்களும் வேண்டும் என்பதே நம் எண்ணம். நட்டவை எரிய வேண்டும் என்ற உறுதியோடு.

நாம் அறிந்த ஒரு சிற்றூரில் மாதா கெபிக்கு எதிரே அத்தகைய கம்பம் ஒன்று நிற்கிறது. இளைஞர் இருவர் மாதந்தோறும் நீண்ட மூங்கிலின் நுனியில் ஈரத்துணி கட்டித் தகட்டைத் துடைக்கின்றனர். பேட்டரி பழுதானபோது தெருவார் பணம் திரட்டி மாற்றினர். அவ்விளக்கு இன்றும் எரிகிறது. அதே நாளில் நடப்பட்ட இன்னொரு கம்பம் அடுத்த தெருவின் முனையில் உள்ளது. அது யார் பொறுப்பு என்பது இன்னும் முடிவாகவில்லை.