தும்பியின் பெயர் கொண்ட எஞ்சின்

பழைய பாய்மரப் படகொன்றுக்கு மாற்று எஞ்சின் தேடும் சிக்கலுக்குப் பின்னே ஒரு பொருளின் வரலாறு இருக்கிறது. அப்பொருள் கண்ணாடியிழை. மரப்படகு காலத்தோடு உளுத்துப்போகும்; அதன் எஞ்சினும் உடன் முதுமையடையும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஆயுள். 1959 ஜனவரியில், நியூயார்க் படகுக் கண்காட்சியில், ஒன்றுவிட்ட சகோதரர்களான பியர்சன்கள் 'ட்ரைட்டன்' என்ற 28 அடிக் கண்ணாடியிழைப் படகைப் பார்வைக்கு வைத்தார்கள். வடிவமைத்தவர் ஸ்வீடனில் பிறந்த கார்ல் ஆல்பெர்க். விலை 10,000 டாலருக்கும் குறைவு. அடுத்த சில ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட ட்ரைட்டன்கள் நீரில் இறங்கின. அவற்றில் பல இன்றும் மிதக்கின்றன. உடல் நிலைத்துவிட்டது, இதயம்தான் நின்றுபோயிற்று.

அந்த இதயத்தின் பெயர் ஆட்டமிக் 4. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் இயங்கிய யுனிவர்சல் மோட்டார் கம்பெனி 1947இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹிரோஷிமா எரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் 'அணு' என்ற சொல் அமெரிக்க வணிகத்துக்கு எதிர்காலத்தின் பெயராகத்தான் ஒலித்தது. நான்கு சிலிண்டர், 30 குதிரைத்திறன், பெட்ரோல். அதிர்வு குறைவு, பழுதுபார்ப்பு எளிது. 1980களின் நடுப்பகுதியில் உற்பத்தி நிற்பதற்குள் நாற்பதாயிரத்துக்கும் மேல் விற்றிருந்தது.

அதன் குறை எரிபொருளில் இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சாலையில் ஓடும் காரிலிருந்து கசியும் ஆவியைக் காற்று கலைத்துவிடும். படகிலோ அது வெளியேற வழியின்றி அடிவயிற்றில் இறங்கித் தேங்கும். பிறகு ஒரு சிறு பொறி போதும். ஆகவே எஞ்சினை முடுக்குமுன் மின்விசிறியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஆவியை வெளியேற்றுவது பெட்ரோல் படகோட்டிகளின் மாறாத சடங்காயிற்று. மறந்தவர்களில் சிலர் படகை இழந்தனர், சிலர் உயிரையும்.

டீசலில் இந்த அச்சம் பெருமளவு இல்லை. சாதாரண வெப்பநிலையில் அது எளிதில் ஆவியாவதில்லை. அழுத்தத்தின் வெப்பத்திலேயே எரிவதால் ஸ்பார்க் பிளக்கும் வேண்டியதில்லை. ருடால்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. ஆனால் அது மூன்று மீட்டர் உயரம். படகின் படிக்கட்டுக்கு அடியில் அடங்கும் உருவமல்ல.

அதைச் சிறிதாக்கியவர் கடலோடி அல்லர். ஜப்பானின் ஷிகா பகுதியில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த யமாவோகா மாகோகிச்சி, 1912இல் ஒசாகாவில் ஒரு பட்டறை தொடங்கினார். நெல்வயலில் முதுகொடியும் உழைப்பைக் குறைப்பதே அவர் நோக்கம். 1932இல் லைப்சிக் சந்தையில் டீசல் எஞ்சினைக் கண்டார். மறு ஆண்டே, 1933இல், ஒரு சிறிய டீசல் எஞ்சினைச் செய்து முடித்தார். நல்ல விளைச்சலின் அறிகுறியாக ஜப்பானிய உழவர்கள் கருதும் பெருந்தும்பியின் பெயரான 'யன்மா', அவர் குடும்பப் பெயரையும் நினைவூட்டும் வகையில் 'யான்மார்' ஆயிற்று. பிற்காலத்தில் அமெரிக்க, ஐரோப்பியப் பாய்மரப் படகுகளில் பரவலாக இடம்பிடித்த பெயர்களில் ஒன்று அது. மற்றொன்று குபோட்டா, அதுவும் டிராக்டர் செய்யும் நிறுவனம்தான். நிலத்து எஞ்சினோடு கடல்நீரால் குளிரூட்டும் வெப்பமாற்றியையும் நீர் கலந்து புகை வெளியேறும் குழாயையும் இணைத்துக் கடலுக்குப் பழக்குகிறார்கள். ஆட்டமிக் 4ஐச் செய்த யுனிவர்சலே பின்னாளில் குபோட்டாவை அடிப்படையாகக் கொண்ட டீசல்களை விற்றது.

சரி, எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும்? இதற்கான விடை வில்லியம் ஃப்ரூடிடம் இருக்கிறது. 1870களில் இங்கிலாந்தின் டார்கீயில் நீர்த்தொட்டி கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்துச் சோதித்தவர் அவர். படகு ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அவ்வலையின் நீளம் படகின் நீளத்தை எட்டுகிறது. அதற்குமேல் கூட்டும் ஆற்றல் பெரும்பாலும் அலையைப் பெரிதாக்கவே செலவாகும். நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை, நாட் கணக்கில், தெரியும். ட்ரைட்டனின் நீர்க்கோடு இருபதரை அடி. எல்லை ஆறு நாட். சுமார் மூன்றரை டன் எடைக்கு, டன்னுக்கு நான்கு குதிரைத்திறன் என்று கொண்டால் பதினைந்து போதும். பழைய முப்பதுக்கு ஈடாக முப்பதே தேடுவது வீண்.

மாற்றுவது எஞ்சினோடு முடிவதுமில்லை. ஆட்டமிக் 4 பெரும்பாலும் ப்ரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்றுவது; டீசலோ பல்சக்கரங்களின் வழியே வேகத்தைக் குறைத்துச் சுழற்றும். எனவே ப்ரொப்பெல்லர் மாறும். எஞ்சின் அமரும் தாங்கிகள், புகைக்குழாய், எரிபொருள் குழாய்கள் எல்லாம் மாறும். மொத்தச் செலவு சில வேளைகளில் படகின் சந்தை விலையையே மிஞ்சிவிடும். ஆகவேதான் பழைய ஆட்டமிக்கைப் பழுதுபார்த்து, விசிறிச் சடங்கைத் தவறாமல் செய்து, அதனோடே வாழ்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டியே உலவும் படகுக்கு அது நியாயமான முடிவு. நெடுந்தூரம் போகும் படகுக்கு, உறங்கும் இடத்தின் கீழே பெட்ரோல் இல்லாதிருப்பதன் நிம்மதிக்குத் தனி விலையுண்டு.

மூன்றாவது வழியும் உண்டு. லின், லாரி பார்டி தம்பதியர் தாங்களே கட்டிய இரு படகுகளில், எஞ்சினே இன்றி, இருமுறை உலகைச் சுற்றினார்கள். காற்று நின்றால் காத்திருந்தார்கள். துறைமுகத்துக்குள் நீண்ட துடுப்பால் தள்ளிச் சென்றார்கள். திங்களன்று அலுவலகம் திரும்பவேண்டியவர்களால் அப்படிக் காத்திருக்க இயலாது. அவர்களுக்காகத்தான் நெல்வயலிலிருந்து அந்தத் தும்பி கடலுக்குப் பறந்து வந்தது.