காலையில் 'பால் கறக்கும்' அணு மருத்துவம்

பிள்ளை அறிவியலில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "டாக்டருக்குப் படிக்கிறாயா?" என்பதுதான். அணு மருத்துவத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னால், "கதிர்வீச்சோடு உனக்கென்ன வேலை?" என்று அம்மா பதறுவார். அந்தப் பதற்றத்தை நான் குறை சொல்லவில்லை, நேயர்களே. இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு பதறலாமே என்றுதான் சொல்கிறேன்.

1937-இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் செக்ரே, பெரியர் என்ற இருவர் டெக்னீசியம் என்னும் தனிமத்தைக் கண்டுபிடித்தனர். மறு ஆண்டு தெரியவந்த அதன் ஒரு வகை, 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நோயாளிக்கு அது நல்லது. உடலில் நெடுநேரம் தங்காது. மருத்துவமனைக்கோ தலைவலி. வாங்கி அலமாரியில் வைக்க முடியாதே!

இதற்கு 1950களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் வழி கண்டது. 66 மணி நேரத்தில் பாதியாகும் மாலிப்டினத்தை ஒரு சிறு குழாயில் அடைத்து அனுப்பினார்கள். அது சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை விட்டு அதை மட்டும் வடித்துக்கொள்ளலாம். அந்தக் கருவியைப் பசு என்றும், வடிப்பதைப் பால் கறப்பது என்றுமே அழைத்தார்கள். காப்புரிமைக்கு முயன்றபோது, அவ்வளவு பெரிய சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று அரசுத் தரப்பு கைவிரித்துவிட்டது. இன்று உலகின் அணு மருத்துவப் பரிசோதனைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்தப் பாலை நம்பித்தான் நடக்கிறது!

பசு வந்துவிட்டது; கறப்பவர் வேண்டுமே. தொடக்கத்தில் எக்ஸ்ரே பிரிவிலும் ஆய்வுக்கூடத்திலும் இருந்தவர்களே வேலை செய்துகொண்டே கற்றார்கள். கறந்ததில் மாலிப்டினம் கலந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். காலை 8 மணிக்கு அளந்தது பிற்பகல் 2 மணிக்கு வரும் நோயாளிக்குப் பாதிதான் என்று கணக்கிட வேண்டும். எலும்புக்கு ஒன்று, இதயத்திற்கு வேறொன்று என மருந்தோடு சேர்த்து ஊசி போட்டு, காமா கேமராவின் கீழ் அவரை அசையாமல் படுக்க வைக்க வேண்டும். எக்ஸ்ரேயில் கதிர் இயந்திரத்திலிருந்து வருகிறது; இங்கே நோயாளியின் உடலிலிருந்தே வருகிறது. பார்த்துப் பழகினால் மட்டும் போதாத வேலை இது. அமெரிக்காவில் இத்துறைக்கென்றே 1977-இல் ஒரு சான்றளிப்பு வாரியம் அமைந்தது. மறு ஆண்டு முதல் தேர்வு நடந்தது.

பதறிய அம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஊசிக்குழலுக்கு ஈயத்திலோ டங்ஸ்டனிலோ கனத்த உறை உண்டு. ஊழியர் மார்பிலும் விரலிலும் அணியும் சிறு அளவி, அவர் வாங்கிய கதிரைக் கணக்கு வைக்கிறது. கருவுற்றதைத் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து அனுமதிக்கப்படும் அளவையும் குறைத்துவிடுவார்கள்.