கல்லில் வெட்டாத கல்வெட்டு

யாழ்ப்பாணத்தில் 'கல்வெட்டு' என்றால் கல் நினைவுக்கு வராது. செத்தவீட்டின் 31ஆம் நாள் கையில் கிடைக்கும் மெல்லிய புத்தகத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். அன்று பலர் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியையை முடித்து வருவார்கள். வீட்டில் படையலும் பந்தியும் நடக்கும். சாப்பிட்டுக் கைகழுவி விடைபெறும் நேரத்தில் வந்தவர்களுக்கு ஒவ்வொரு பிரதி கொடுப்பார்கள். இறந்தவரின் பிறப்பு முதல் இறப்பு வரை செய்யுளில் சொல்லும் சிறு நூல் அது. சரமகவி என்றும் அதைச் சொல்வதுண்டு.

இறந்தவரைப் பாடுவது தமிழில் பழைய வழக்கம். பாரி மறைந்தபின் கபிலரும் அதியமான் மறைந்தபின் ஔவையும் பாடிய கையறுநிலைப் பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. ஆனால் அங்கே பாடப்பட்டவன் அரசன், அல்லது வள்ளல். நடுகல்லும் பெரும்பாலும் வீரனுக்கே நடப்பட்டது. கமக்காரரும் கடைக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் பாட்டுடைத் தலைவர்களானதுதான் யாழ்ப்பாணத்துக் கல்வெட்டின் புதுமை. இதற்கு வழிவிட்டது அச்சு. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் தொடங்கினார். 1879இல் அவர் மறைந்தபோது சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் இரங்கற்பா இயற்றினர். அறிஞருக்கு உரியதாயிருந்த அந்த மரியாதை, அச்சு மலிந்ததும் ஊர் வீடுகளுக்கும் வந்துசேர்ந்தது.

கல்வெட்டுக்கு ஓர் அச்சு வார்ப்பு உண்டு. பிள்ளையார் துதி, ஊரின் வளம், குலமரபு, பிறப்பு, கல்வி, மணம், மக்கட்பேறு, தேகவியோகம் என்று அது நடக்கும். அதற்குப் பிறகு புலம்பல்கள் வரும்: மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவர் வாயிலாகவும் தனித்தனியே பாட்டு. கடைசியில் தேற்றம். எழுதுபவர் பெரும்பாலும் ஊர்ப் புலவர் அல்லது தமிழ் வாத்தியார். அவருக்கு இருந்த அவகாசம் ஒரு மாதத்துக்கும் குறைவு. அதற்குள் அச்சும் ஏறவேண்டும். வீட்டார் எழுதித் தரும் பெயர்ப் பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் தளை தட்டாமல் பாட்டுக்குள் அடக்குவதே அவருடைய பெரும்பாடு. இலக்கணம் பிழைத்தால் பொறுப்பார்கள். மருமகன் பெயர் விடுபட்டால் பொறுக்கமாட்டார்கள்.

இந்த வார்ப்பில் ஒரு குறை இருந்தது. இறந்தவர் யாராயிருந்தாலும் அவர் வாரி வழங்கிய வள்ளல், விருந்தோம்பிய உத்தமர். எல்லாரும் வள்ளலானபோது உண்மையாகவே கைதாராளமாய் வாழ்ந்தவரை அடையாளம் காண வழியில்லை. அதைவிடப் பெரிய இழப்பு பகிடிக்காரருக்கு. சபையைச் சிரிக்கவைத்தவர், முந்நூற்று நாலு ஆட்டத்தில் கூட்டாளியைச் சீண்டியவர், ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுப் பிலாவிலையைக் கையில் கொடுத்தவர் என ஊருக்கு ஊர் ஒருவர் இருந்தார். விருத்தப்பாவின் கண்ணீருக்குள் அவருடைய சிரிப்புக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தைக் கொடுத்தது உரைநடை. 20ஆம் நூற்றாண்டில் கல்வெட்டு மெல்ல மெல்ல 'நினைவு மலர்' ஆயிற்று. அட்டையில் புகைப்படமும், உள்ளே பஞ்சபுராணமும் வாழ்க்கைக் குறிப்பும் வம்சாவழியும் நன்றி நவிலலும் இடம்பிடித்தன. கூடவே நண்பரும் பெறாமக்களும் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதத் தொடங்கினர். அவர்கள் புலவர்கள் அல்லர். அதனாலேயே கண்டதைச் சொன்னார்கள். தன் சைக்கிளை இரவல் கொடுத்துவிட்டு நடந்துபோனது, மகளின் கலியாணப் பந்தியில் தானே சோறு பரிமாறியது என்ற அளவிலான செய்திகள் அப்போதுதான் ஏட்டில் ஏறின. மலரைப் படித்தபின் வீசிவிடாமல் இருக்கத் திருமுறைத் தொகுப்பையோ சமையல் குறிப்பையோ சேர்ப்பதும் வழக்கமாயிற்று.

புகழுரை மிகுந்த நூல்தான் என்றாலும் ஊர் வரலாறு எழுதுவோர் இதை ஒதுக்குவதில்லை. எந்த ஊரார் எந்த ஊரில் பெண் எடுத்தனர், யார் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போயினர், எந்தக் கோயில் திருவிழாவை எந்த வீடு செய்தது என்பவற்றுக்கு வேறு பதிவு அரிது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத் திட்டம் நினைவு மலர்களையும் தேடி எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது.

1983 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பங்கள் சிதறியதும் மலரும் கடல் கடந்தது. லண்டனிலும் டொரண்டோவிலும் அச்சாகும் மலர்களில் பேரப்பிள்ளைகள் அப்பப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பழைய புலம்பல்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. திதி வெண்பா மட்டும் விடாமல் வருகிறது. ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று நான்கே அடிகளில் சொல்லும் பாட்டு அது. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் தேதிப்படி வருவதில்லை, திதிப்படியே வரும். வெண்பாவை வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் திவசத்துக்கு நாள் பார்க்க ஐயரிடம் அந்தப் பக்கத்தை நீட்டுகிறார்கள்.