சுழலும் கலமும் நகரும் ஒளியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொல்பொருட்களைச் சுற்றிலும் படம்பிடிப்பது குறித்து

ஆனைக்கோட்டை முத்திரையைக் குறிப்பிடாத ஈழத்துத் தொல்லியல் நூல் அரிது. 1980களின் தொடக்கத்தில், கா. இந்திரபாலா, பொ. இரகுபதி முதலிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈடுபட்ட அகழாய்வில் பெருங்கற்காலப் புதைகுழியொன்றிலிருந்து அது கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். ‘கோவேத’ என்ற வாசிப்பும் அதன் பொருள் பற்றிய விவாதமும் நாற்பது ஆண்டுகளாகத் தொடர்கின்றன. விவாதிப்போரில் மிகப் பெரும்பாலானோர் அறிந்திருப்பது முத்திரையை அன்று, அச்சில் வந்த அதன் ஒளிப்படத்தையே. ஒரு பக்கத்திலிருந்து விழுந்த ஒளியில், நேர்முகமாக எடுக்கப்பட்ட அந்தப் படம் முத்திரையின் விளிம்பையோ பின்புறத்தையோ கீறல்களின் ஆழத்தையோ சொல்வதில்லை. ஒரு கோடு எழுத்தின் உறுப்பா, பிற்காலச் சிராய்ப்பா என்ற ஐயம் எழுந்தால் படத்தை உருப்பெருக்கிப் பயனில்லை. அங்கே தேவைப்படுவது வேறொரு கோணம், அல்லது வேறொரு ஒளி.

பொருளைச் சுழற்றி வரிசையாகப் படம்பிடித்து, பார்ப்பவர் திரையில் விரலால் இழுத்துத் திருப்பிப் பார்க்கும்படி அமைக்கும் முறை இன்று நகைக்கடைகளும் காலணி விற்பவர்களும் கையாள்வது. அதனாலேயே அதை விளம்பர உத்தி என்று ஒதுக்கிவிட்டு, முப்பரிமாணக் கணினி மாதிரிகளையே ஆய்வுக்குரியவை என்று கருதும் போக்கு நம்மிடையே உண்டு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. குடாநாட்டின் சிறு தொல்பொருட்களுக்கு முதன்மை ஆவணமாக வேண்டியது ஒழுங்காக எடுக்கப்பட்ட சுழற்சிப் படத்தொடரே. அதற்குரிய கருவியையும் முறையையும், அந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இந்த முறைக்கு வயது அதிகம். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் பிரான்சுவா வில்லெம் ஒருவரை நடுவில் நிறுத்தி, வட்டமாக 24 கமராக்களை வைத்து ஒரே நேரத்தில் படமெடுத்தார். அந்த நிழலுருக்களைக் கொண்டு சிலை வடித்தார். 1970களில் அமெரிக்காவின் ஜஸ்டின் கெர் எதிர்வழியில் சென்றார். மாயா நாகரிகத்தின் ஓவியக் குவளைகளைச் சுழல்தட்டில் ஏற்றி, ஒடுங்கிய பிளவுக்குப் பின்னால் பிலிம் நகரும்படி செய்து, குவளையைச் சுற்றியோடும் ஓவியத்தை ஒரே நீளப் படமாக விரித்தார். அதுவரை துண்டு துண்டாகக் கண்ட காட்சியைத் தொடர்ச்சியாக வாசிக்க முடிந்தது. மாயா எழுத்தாய்வு அதனால் பெற்ற பயன் பெரிது. 1995இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட குயிக்டைம் விஆர், சுழற்சிப் படங்களைத் திரையில் கையால் திருப்பும் வசதியைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. அந்த மென்பொருளின் முடிவு நமக்கு ஒரு பாடம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் மட்கலங்கள். கந்தரோடையில் 1917ஐ ஒட்டிப் போல் பீரிஸ் தொடங்கிய ஆய்வும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் நடத்திய அகழாய்வும் குடாநாட்டின் பண்டைய மட்பாண்டங்களை உலகறியச் செய்தன. கறுப்பு-சிவப்பு ஓடுகளும் உருளை அலங்காரமுள்ள ரூலெட்டட் வகைத் தட்டுகளின் துண்டுகளும் அங்கே கிடைத்தன. இரண்டாவது வகையை 1945இல் அரிக்கமேட்டில் தோண்டிய மோர்ட்டிமர் வீலர் உரோம இறக்குமதி என்று கொண்டார். கந்தரோடை அகழாய்வில் பங்கேற்ற விமலா பெக்லி பின்னர் அக்கருத்தை மறுத்து, அது இந்தியப் பகுதியிலேயே செய்யப்பட்டது என்றும் உரோம வணிகத்துக்கு முந்தியது என்றும் நிறுவினார். வாய்விளிம்பின் வளைவு, அலங்கார வட்டங்களின் ஒழுங்கு, அடித்தளத்தின் செய்நேர்த்தி ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்ட ஆய்வு அது. ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்களாலேயே அன்று அந்த விவாதத்தில் பங்குகொள்ள முடிந்தது. கொழும்பிலோ பிலடெல்பியாவிலோ உள்ள ஓட்டை யாழ்ப்பாணத்து மாணவர் திருப்பிப் பார்க்க வழியிருக்க வேண்டும். இம்முறையில் எனக்குள்ள அக்கறைக்கு அதுவே முதற்காரணம்.

சக்கரத்தில் வனையப்பட்ட கலத்துக்கு ஓர் அச்சு உண்டு. குயவர் கையில் அது எந்த அச்சில் சுழன்றதோ, அதே அச்சில் கமராவின் முன் மீண்டும் சுழலும்போது கலம் தன் பிறப்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. கலத்தைச் சுழல்தட்டின் மையத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்தால், முழுச் சுற்றில் அதன் நிழலுரு இடமும் வலமுமாக மொத்தம் 10 மி.மீ. அசையும், ஆனால் இரு விளிம்புகளும் ஒரே திசையில் சேர்ந்து அசையும். கலமே முட்டை வடிவாகக் கோணியிருந்தால், அகலம் ஒரு சுற்றில் இரண்டு தடவை கூடிக் குறையும். வாய் மட்டும் ஆடி அடி நிலைத்திருந்தால் சாய்வு. வைத்ததில் உள்ள பிழையையும் வனைந்ததில் உள்ள கோணலையும் இப்படிப் பிரித்தறியலாம். கையால் வனைந்ததா, மெதுவாகச் சுழலும் சக்கரத்திலா, வேகச் சக்கரத்திலா என்று ஆராய்பவருக்கு ஒற்றைப் படம் தராத சான்று இது. கமராவின் கண்ணாடி வழியே தெரியும் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாலே மையத்தைச் சரிபார்த்துவிடலாம். கொத்தனாரிடம் இரவல் வாங்கக்கூடிய கருவிதான்.

எத்தனை படங்கள் வேண்டும்? விற்பனைப் படங்களுக்கு 24 போதும் என்பார்கள். அதாவது 15 பாகைக்கு ஒன்று. ஆய்வுக்கு 36 வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள பானையின் சுற்றளவு ஏறத்தாழ 94 செ.மீ.; 36 படங்கள் எடுத்தால் படத்துக்குப் படம் மேற்பரப்பு 2.6 செ.மீ. நகரும். தோளில் கீறப்பட்ட ஒரு குறியீடு குறைந்தது நான்கைந்து படங்களில் நேராகவும் சாய்வாகவும் பதிவாகிவிடும். கமராவை இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, 30 பாகை மேலே ஒரு சுற்று, 60 பாகையில் ஒரு சுற்று என மூன்று வரிசை எடுத்தால் 108 படங்கள். ரூலெட்டட் தட்டுகளின் அலங்காரம் உட்புறத்தில் இருப்பதால் மேல்வரிசை இல்லாத தொடர் அவற்றுக்குப் பயனற்றது. அடி உருண்ட பானையைப் பிரிமணையில் வைத்தால் அடி மறையும். பின்னர் கவிழ்த்து இன்னொரு தொடர் எடுக்க வேண்டும். களிமண் பசையை ஓட்டில் ஒட்டி நிறுத்தும் வழக்கம் எண்ணெய்க் கறையை விட்டுச்செல்லும். அதை அடியோடு விலக்குவது நல்லது.

சுழல்தட்டை இயக்க ஸ்டெப்பர் மோட்டர் போதும். ஒரு சுற்றுக்கு 200 படி நகரும் சாதாரண மோட்டர்களில் ஒரு படி 1.8 பாகை, 10 பாகை அதில் முழுப்படியாக விழாது என்பதால் 9 பாகை வீதம் 40 படங்கள் எடுப்பது எளிது. மோட்டரே இல்லாவிட்டாலும் பாகைமானியை அச்சடித்து ஒட்டிய பலகையைக் கையால் திருப்பலாம். 2022இல் நாட்டில் ஒருநாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தது. கையால் இயங்கும் ஏற்பாட்டை ஏழைமையின் அடையாளமாக நான் காணவில்லை. நிறுத்தி, அதிர்வு அடங்கிய பின்னரே எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சுழன்றுகொண்டிருக்கையில் எடுப்பது கடைக்காரரின் அவசரம்.

85 முதல் 100 மி.மீ. வரையான வில்லை, ஒன்றரை மீற்றர் தூரம், எஃப் 11 துவாரம், குவியமும் வெண்சமநிலையும் கையால் பூட்டப்பட்ட நிலை ஆகியவை வழமையானவை. நம் மின்சாரத்தில் தவறாமல் கவனிக்க வேண்டியது ஒளித்துடிப்பு. 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தில் மலிவான எல்ஈடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. நொடியில் 250இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் ஒவ்வொரு படத்தின் வெளிச்சமும் மாறும்; திரையில் திருப்பும்போது பொருள் மினுங்கும். பொருள் அசையாமல் நிற்கும்போது வேகத்துக்குத் தேவையே இல்லை. நொடியில் 10இல் ஒரு பங்கு வைத்தால் பல துடிப்புகள் சேர்ந்து சமமாகிவிடும்.

பளபளக்கும் பொருளுக்கு வேறு வழி தேவை. நம் வீடுகளின் பித்தளை மூக்குப்பேணியை எடுத்துக்கொள்வோம். வாய்படாமல் அண்ணாந்து குடிக்க அதன் மூக்கு எப்பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் காட்டச் சுழற்சிப்படத்தைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் பித்தளையில் பதிவது பேணி அன்று; அறையின் யன்னல், விளக்கு, படமெடுப்பவரின் சட்டை. பேணியைச் சுற்றி வெள்ளைத் துணிக் கூடாரம் அமைத்து ஒளியை வெளியிலிருந்து பாய்ச்ச வேண்டும். விளக்கிலும் வில்லையிலும் முனைவாக்கித் தாள்களைக் குறுக்காக வைத்து மினுக்கத்தை அடக்குவது மெருகு பூசிய மட்பாண்டத்துக்கும் வர்ணம் தீட்டிய மரத்துக்கும் நன்றாக உதவும். வெற்று உலோகத்தில் அது பொருளையே இருட்டாக்கிவிடுகிறது. தூள் தெளித்து மினுக்கத்தைக் கொல்லும் உத்தியை அருங்காட்சியகப் பொருட்களில் எவரும் கைக்கொள்ளக்கூடாது.

முத்திரைக்கும் காசுக்கும் வருகையில் முறை தலைகீழாகிறது. ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசில் காளையும் அதன் கீழே ‘சேது’ என்ற சொல்லும் ஒரு செப்புத் தகட்டின் மேல் மயிரிழை உயரத்தில் எழுந்து நிற்கின்றன. அதைச் சுழற்றிப் பார்த்துக் கிடைப்பது சொற்பம். கமராவும் காசும் அசையாதிருக்க ஒளியே சுற்றிவர வேண்டும். 2001இல் எச்பி ஆய்வகத்தின் ரொம் மால்ஸ்பெண்டர் குழுவினர் முன்வைத்த இந்த முறையில் பல திசைகளிலிருந்து ஒளிபாய்ச்சி எடுத்த படங்களைக் கணினி இணைக்கிறது. பார்ப்பவர் திரையில் விளக்கை நகர்த்திப் பார்க்கலாம். கிரேக்கத்தின் அந்திக்கிதெரா இயந்திரத் துண்டுகளில் தேய்ந்த எழுத்துகளை வாசிக்க இது 2005இல் பயன்பட்டது. இதற்கான செலவும் குறைவே: ஒரு கைவிளக்கு, தூரம் மாறாதிருக்க ஒரு நூல், ஒளியின் திசையைக் கணக்கிடப் பொருளருகே வைக்கும் பளபளப்பான கறுப்புக் குண்டு இரண்டு. ஆனைக்கோட்டை முத்திரை போன்ற பொருளுக்குச் செய்யவேண்டியது இதுவே. தமிழ்நாட்டுக் குறியீடுகளையும் சிந்துவெளிக் குறியீடுகளையும் ஒப்பிடும் ஆய்வை 2025இல் தமிழக அரசு வெளியிட்ட பின்னர், ஈழத்துக் குறியீடுகளும் அந்த ஒப்பீட்டுக்குள் வருவது தவிர்க்கமுடியாதது. எவரோ கையால் வரைந்த படியைக் கொண்டு அந்த ஒப்பீட்டில் இறங்குவது ஆபத்து.

இனி எதிர்வாதம். முப்பரிமாண மாதிரி இருந்தால் கன அளவு, குறுக்குவெட்டு, தடிப்பு எல்லாம் கிடைக்குமே, சுழற்சிப்படம் எதற்கு? அளவைகளுக்கு மாதிரி வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மாதிரியின் மேற்பரப்பு கணிப்பால் ஆனது. தரவு போதாத இடத்தை மென்பொருள் தானே நிரப்புகிறது, கூர்மையான கீறலை மழுங்கச் செய்கிறது. எங்கே நிரப்பியது என்பதைப் பார்ப்பவர் அறியார். படத்தொடரில் தெரியாதது தெரியாததாகவே நிற்கும். மேலும், சீரான பின்னணியில், மூன்று உயரங்களில், 10 பாகை இடைவெளியில் எடுத்த தொடரிலிருந்து மாதிரியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம். மாதிரியிலிருந்து மூலப்படங்களை மீட்க முடியாது.

குயிக்டைம் விஆரின் கதை இங்கே பொருந்துகிறது. அது கைவிடப்பட்டது, அதன் இடத்தைப் பிடித்த பிளாஷ் 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. அவற்றில் மட்டும் வெளியிட்ட அருங்காட்சியகங்களின் சுழற்சிப்படங்கள் இன்று திறக்காத கோப்புகள். தனித்தனிப் படங்களை வைத்திருந்தவர்கள் சில மணிநேரத்தில் புதிய காட்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆகவே காப்பகத்துக்குச் செல்ல வேண்டியவை டிஃப் வடிவிலான மூலப்படங்கள், வரிசை எண்ணுள்ள கோப்புப் பெயர்கள், நிற அட்டையும் அளவுகோலும் உள்ள முதற்படம், சுழற்சியின் திசையையும் பாகையையும் ஒளி நின்ற இடத்தையும் சொல்லும் குறிப்பு. இணையத்துக்குச் சிறிய பிரதி போதும்: படம் ஒன்று 200 கிலோபைற் என்றால் 36 படங்கள் 7 மெகாபைற்றுக்குச் சற்று மேல். கைபேசியில் பார்ப்பவரும் தாங்கக்கூடிய அளவு.

1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் போயின. ஒரே இடத்தில் ஒன்றை வைத்திருப்பதன் பொருள் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அதன் பல்லூடகக் கிளையான ஆவணகமும் அச்சுக்கும் ஏட்டுக்கும் ஒலிக்கும் செய்ததைப் பொருட்களுக்கும் விரிக்கலாம். நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தின் பொருட்களும் பல்கலைக்கழகத்தில் உள்ளவையும் அதற்குப் போதுமான தொடக்கம். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி, பொருளைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவரின் உடனிருப்பு ஆகிய இரண்டையும் கேட்டுப்பெற்றே தொடங்க வேண்டும்.

கோயில் படிமங்களைச் சுழல்தட்டில் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வழிபாட்டில் உள்ள திருவுருவத்தை ஏற்றக்கூடாது என்பது என் கருத்து. ஆனால் ஆவணமின்மையின் விலையையும் நாம் அறிவோம். தமிழ்நாட்டின் சிறிபுரந்தானிலிருந்து களவுபோன நடராசர் 2014இல் அவுஸ்திரேலியாவிலிருந்து மீண்டதில் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய ஒளிப்படம் சான்றாக நின்றது. பீடத்தின் பின்புறமும் வார்ப்பின் தழும்புகளும் பதிவாகியிருந்தால் அத்தகைய சான்று இன்னும் அசைக்கமுடியாததாகும். படிமம் தன் இடத்தில் இருக்க, கமராவை முக்காலியோடு சுற்றிக் கொண்டுசென்று, தரையில் சுண்ணத்தால் குறித்த 24 புள்ளிகளில் நின்று எடுக்கலாம். வாகனங்களுக்கும் கந்தரோடையின் கற்றூபிகளுக்கும் இதே வழிதான். அந்தத் தொடரை இணையத்தில் வைப்பதா, கோயிலாரிடமும் ஒரு காப்பகத்திடமும் மட்டும் பூட்டி வைப்பதா என்பதை அந்தந்தக் கோயிலாரே முடிவுசெய்யட்டும். எடுப்பதைத் தள்ளிப்போடுவதற்கு அது காரணமாகாது.