வெறும் வானுக்கு ஒரு காற்று, சுமை வானுக்கு ஒரு காற்று

யாழ்ப்பாணத்திலிருந்து மண்டைதீவுக்கு வாகனத்தில் போகப் பண்ணைப் பாலத்தால்தான் போகவேண்டும். இரண்டு பக்கமும் கடல். சுமையோடு போகும் வானின் பின் ரயர் அங்கே வெடித்தால் ஒதுங்க இடம் குறைவு.

1990 ஆகஸ்டில் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்தவர்கள் வாழும் ஊர் இது. இப்படியான ஊரில் ஒரு வான் காலையில் நோயாளியை ஏற்றும். பின்னேரம் சீமெந்து ஏற்றும். காற்று மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறைக்கு, வாகனம் ஓடினாலே போதும் என்ற பழக்கம் இன்னும் விடவில்லை.

பாரத்தை முதலில் கணக்குப் பாருங்கள். 50 கிலோ சீமெந்துப் பை 20 ஏற்றினால் ஒரு தொன். 500 லீற்றர் தாங்கி நிறையத் தண்ணீர் என்றால் அரைத் தொன். இதில் பெரும்பங்கு பின் சில்லுகளில்தான் விழும். காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் ரப்பரிலிருந்து பிரியும். வெடிப்பது அப்படித்தான்.

எவ்வளவு அடிப்பது? சாரதியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளையோ வாகனக் கைநூலையோ பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும், பல வான்களில் முழுச் சுமைக்கும் தனித்தனி அளவு இருக்கும். ரயரில் பொறித்திருப்பது உச்ச அளவு. தினமும் அடிக்கும் அளவல்ல. ஹையேஸ் வான்களில் காணும் 195ஆர்15சி ரயரில் 106/104 என்றிருந்தால், தனிச் சில்லாக ஒன்று 950 கிலோ தாங்கும். அதுவும் அதற்குரிய முழுக் காற்று இருந்தால்தான். வானின் சொந்தப் பாரமும் அதற்குள் அடங்கும். அதற்கு மேல் ஏற்றிவிட்டுக் காற்றைக் கூட்டிச் சமாளிக்க முடியாது.

சிக்கல் இன்னொன்று. அந்த அளவெல்லாம் ஆறிய ரயருக்கு. பாலம் கடந்து பெற்றோல் செற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரயர் சூடாகி, நாலைந்து இறாத்தல் கூடுதலாகக் காட்டலாம். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். புறப்படுமுன் வீட்டிலேயே கையளவியால் பார்த்து, 6 இறாத்தல் குறைவென்றால், செற்றில் காட்டும் அளவோடு 6 கூட்டி அடியுங்கள்.

சுமை இறக்கிய பின், மறுநாள் காலை ரயர் ஆறியிருக்கும்போது குறைத்துவிட வேண்டும். காற்று இறுகிய வெறும் வான் துள்ளும், நடு ரப்பர் தேயும், மழை வீதியில் பிரேக் பிடித்தால் வழுக்கும். மேலதிக ரயரில் மட்டும் முழுச் சுமைக்குரிய அளவையே எப்போதும் வைத்திருங்கள். பாலத்தின் நடுவில் காற்றைக் குறைக்கலாம், கூட்ட வழியில்லை.