மூளை அலைப் பதிவும் வலிப்பு நோய்ச் சிகிச்சையும்

மூளையின் நரம்பணுக்கள் எழுப்பும் மெல்லிய மின் அலைகளைத் தலைத்தோலின் மேலிருந்தே பதிவு செய்வது மூளை அலைப் பதிவு எனப்படும். மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி. என்றால்தான் தெரியும். நோயைக் கண்டறியும் கருவியாகவே இதைப் பலரும் அறிவர். கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இது பயன்பட்டு வந்திருக்கிறது. அந்த வரலாற்றையே இங்குக் காண்போம்.

வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை என நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் "குணமாகிறதா?" என்ற கேள்வி மிகப் பழையது. வலிப்பு கண்டவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஊர் வழக்கம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். பெயர் மட்டும் இரும்புக்குப் போய்விடும். மீண்டும் மீண்டும் வந்தால் பேய் பிடித்ததென்று மந்திரிப்பார்கள். மனநோயாளரோடு வலிப்பு நோயாளரையும் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துச் செல்வார்கள். எல்லா மதத்தாரும் அங்கு வருவதுண்டு. குணமானதைக் கனவில் வரும் கட்டளை அறிவிக்கும் என்று மாதக்கணக்கில் தங்கிக் காத்திருப்பார்கள்.

செருமனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். தம் மகனின் தலையிலும் கம்பிகளைப் பொருத்திப் பார்த்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1929இல்தான் அதை வெளியிட்டார்.

1935இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகிய மூவரும் ஒரு வகை வலிப்பின் அலையைக் கண்டனர். அந்த வலிப்பில் குழந்தை கீழே விழாது, கைகால் இழுக்காது. சில நொடிகள் வெறித்துப் பார்க்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். வகுப்பறையில் இது கவனக்குறைவு போலவே தெரியும். ஆசிரியப் பயிற்சியில் இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. அந்த நொடிகளில் தாளில் கூர்முனையும் அலையுமாக நொடிக்கு மூன்று முறை கோடு எழும். பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சிழுத்து விடச் சொன்னால் அது பெரும்பாலும் வந்துவிடும். உரிய மருந்து கொடுத்த பின் அதே பயிற்சியைச் செய்யச் சொல்லி, கூர்முனைகள் மறைந்தனவா என்று பார்க்கலாம். வீட்டார் எண்ணிச் சொல்லும் கணக்கை விட இது நம்பகமானது. சில நொடி வலிப்புகள் பல பெற்றோர் கண்ணுக்குத் தப்பிவிடும் அல்லவா?

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற அவர், 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் துறையைத் தொடங்கினார். தலையில் மின்முனைகளை எங்கெங்கு ஒட்டுவது என்று 1958இல் உலகப் பொதுமுறை வகுத்த ஹெர்பர்ட் ஜாஸ்பரும் அதே மான்ட்ரியல் நிலையத்தவரே. இந்தியாவின் முதல் வலிப்பு நோய் அறுவை சிகிச்சை 1952 ஆகஸ்ட் 25 அன்று வேலூரில் நடந்தது. அங்குச் சாண்டியுடன் பணியாற்றிய பல்தேவ் சிங், பின்னர் தில்லியில் யோகிகளின் மூளை அலைகளையும் ஆராய்ந்தார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பு அறுவைப் பணியைத் தொடங்கியிருந்தார்.

இன்று பதிவுக்குப் போகிறவர் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை சரியாகப் பற்றாது. வலிப்பின்றி இரண்டாண்டுகள் கடந்தபின் மாத்திரையை நிறுத்தலாமா என்று முடிவு செய்யும்போதும் மருத்துவர் இப்பதிவைப் பார்ப்பதுண்டு. ஆனால் பதிவு சீராக இருப்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. அதைப் பார்த்துத் தாமாக மாத்திரையை நிறுத்தியவருக்குக் கடலில் படகின் மேல் வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து.

மனநோய்களில் நிலைமை வேறு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னாளில் தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கச் செய்யும் 'தவா–துவா' திட்டம் வந்தது. அங்கு மருந்து உண்பவர் தேறுகிறாரா என்பதை அலைக்கோடு சொல்லாது. மருத்துவர் அவரோடு பேசிப் பார்த்தும், வீட்டாரிடம் தூக்கம், உணவு, நடத்தை பற்றிக் கேட்டும்தான் இன்றும் அறிகிறார்.