வேன் மீட்டுருவாக்கம்: ஒரு பதிப்பியல் நோக்கு

வேன் என்பது ‘காரவான்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதற்குறை. பாரசீகத்தில் தோன்றிய அச்சொல், பாதுகாப்புக் கருதிச் சேர்ந்து செல்லும் வணிகர் கூட்டத்தைக் குறித்தது. தமிழில் அதற்கு நேரானது சாத்து. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் அச்சொல் நிற்பதைச் சிலப்பதிகாரம் பயில்வோர் அறிவர். கூட்டத்தின் பெயர் பின்னர் மூடுவண்டிக்கும், அதன்பின் இயந்திர ஊர்திக்கும் ஆயிற்று. பொருள் மாறினும் சுமத்தல் என்னும் தொழில் மாறவில்லை. பழைய வேன்களை மீட்டுருவாக்கும் முயற்சிகளை மதிப்பிடுங்கால் இத்தொழிலை மறத்தல் ஆகாது.

வேன் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1948இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூரில் ஊர்திகளை உருவாக்கியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1958இல் வெளியிட்ட அட்லஸ் வேனின் உற்பத்திக் கருவிகள், அங்கு உற்பத்தி நின்றபின் இந்தியாவுக்கு வந்தன. ஸ்டாண்டர்டு 20 என்னும் பெயரில் அவ்வடிவம் இங்கு மறுவாழ்வு பெற்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 கார் தோல்வியுற, அப்பத்தாண்டு முடியுமுன்னரே உற்பத்தி நின்றது. கார் செல்வர் வீட்டு முற்றத்தில் பேணப்பட்டது. வேனோ ஓடித் தேய்ந்தது. கூண்டை மாற்றிக் கட்டுவதும், வேறு எஞ்சின் பொருத்துவதும், இருக்கைகளைக் கழற்றிச் சரக்கேற்றுவதும் அதன் வாழ்க்கையாக இருந்தன.

இந்த வாழ்க்கையே அதற்குப் பகையாகியுள்ளது. 2021 ஜூலையில் நடுவணரசு வெளியிட்ட பழம் ஊர்திப் பதிவு விதிகள், முதற்பதிவுக்குப்பின் 50 ஆண்டு கடந்த, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் பெறாத, சொந்தப் பயன்பாட்டு ஊர்திகளையே ஏற்கின்றன. அவை குறிப்பிடும் நான்கு சக்கர வகை பயணியர் ஊர்தி மட்டுமே. ஓட்டுநர் நீங்கலாக எட்டு இருக்கைக்கு மேற்பட்டதும், சரக்கு வேனும் அவ்வகையில் அடங்கா. உழைத்த ஊர்தி உழைத்ததனாலேயே மரபுப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. இது விதியமைத்தோரின் உள்நோக்கம் அன்று. காரை மனத்திற்கொண்டு அமைத்த அளவுகோலின் விளைவு எனலாம்.

செருமானியில் நிலை வேறு. 1947இல் பென் பொன் வரைந்த எளிய கோட்டுப்படத்திலிருந்து வளர்ந்த ஃபோக்ஸ்வாகன் வேன்களுள், 1950 ஆகஸ்டில் உருவான 20-1880 என்னும் அடிச்சட்ட எண்ணுடைய சரக்கு வேன் மீட்டுருவாக்கப்பெற்று, ‘சோஃபி’ என்ற பெயருடன் அந்நிறுவனத்தின் ஹனோவர்த் தொகுப்பில் உள்ளது.

மீட்டுருவாக்கம் பதிப்புப்பணியை ஒத்தது. 1894இல் புறநானூற்றை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் சிதைந்த இடங்களைத் தாமே எழுதி நிரப்பவில்லை. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்காமையால் அவ்வெண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் பட்டயத்தை அடியொற்றிப் பன்னாட்டுப் பழம் ஊர்திக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற தூரின் பட்டயமும் இதே நேர்மையை ஊர்திக்குக் கோருகிறது. புதிதாகப் பொருத்தும் உறுப்புகளைக் கண்ணை உறுத்தாத நிலையான குறியால் அடையாளப்படுத்துமாறும், செய்த பணியை ஆவணப்படுத்துமாறும் அது கூறுகிறது. பளபளக்கும் புதுவண்ணம் பூசி, ஆலையிலிருந்து அன்று வந்ததுபோல் நிறுத்தும் நம் வழக்கமோ பாடவேறுபாடு காட்டாத பதிப்புக்கு நிகரானது. பார்க்க அழகியது, சான்றாகப் பயன்படாதது.

பழைய வேன் ஒன்று பட்டறைக்கு வருங்கால், அதன் பக்கத் தகட்டில் எழுதப்பட்ட கடைப்பெயரும், மாற்றிக் கட்டிய கூண்டின் தச்சுவேலையும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய வண்ண அடுக்குகளும் சுரண்டப்படுமுன் படமெடுத்துப் பதிவு செய்யப்படுதல் வேண்டும். தமிழ்நாட்டுச் சிறுவணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அவை மூலச்சான்றுகள்.